எடை மேடையில் தொடங்குங்கள்: பிக்கப் வண்டி பற்றி வாசகர் கேள்விகள்

வேலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற பிக்கப் வண்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஞ்சினின் சக்தியையும் மைலேஜையும் பற்றியவை. எத்தனை கிலோ ஏற்றப் போகிறோம் என்று கணக்குப் போட்டு எழுதியவர் ஒருவர் மட்டுமே. அவருடைய கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கொல்லிமலையில் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கரில் காபியும் மிளகும் உள்ளன. தோட்டத்துக்குள் மூன்று கிலோமீட்டர் மண் பாதை. மழைக்காலத்தில் ஓர் ஓடையையும் கடக்க வேண்டும். குடும்பத்துடன் நாமக்கல், சேலம் சென்று வரவும், அறுவடைக் காலத்தில் நடைக்குப் பதினைந்து மூட்டை வீதம் கீழே இறக்கவும் ஒரே வண்டி வேண்டும். மூட்டை 50 கிலோ. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டில் எதை வாங்கலாம், ஐயா?
- காபி விவசாயி, கொல்லிமலை

பதினைந்து மூட்டை என்றால் 750 கிலோ. ஓட்டுநரும் உடன் ஒருவரும் ஏறினால் 900 கிலோவை நெருங்குகிறது. தார்ப்பாய், கயிறு, கூடுதல் டயர், கருவிப் பெட்டி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண்ணை வைத்துப் பார்த்தால், நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வண்டிகளுமே உங்கள் அறுவடைக்கு உரியவை அல்ல.

உலகம் முழுவதும் இந்த இனத்தை 'ஒரு டன் பிக்கப்' என்று அழைப்பது வழக்கம். ஆனால் இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கென விற்கப்படும், இரண்டு வரிசை இருக்கை கொண்ட டபுள் கேபின் வகைகள் அந்த அளவு பாரத்துக்குச் சான்று பெற்றவை அல்ல. ஷோரூமில் எந்த வண்டியைக் காட்டினாலும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: வெற்று வண்டியின் எடை, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே ஆட்களையும் சேர்த்து நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். ஆர்.சி.யிலும் இவ்விரு எண்களும் இருக்கும். கழித்துப் பார்த்தால், மிச்சம் அரை டன்னுக்கும் குறைவாகவே இருப்பதைக் காண்பீர்கள். சட்டகமும் பின்பக்க வில் பட்டைகளும் அதற்கு மேலும் தாங்கும் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். ஆனால் விபத்து நேர்ந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள எண்ணைத்தான்.

எடையைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது, அந்த எடை எங்கே உட்காருகிறது என்பதுதான். டபுள் கேபின் வண்டியில் பின்பாடி ஏறக்குறைய 5 அடி நீளமே இருக்கும். அதில் கணிசமான பகுதி பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும். மூட்டைகளைப் பின்கதவு வரை அடுக்கினால், ஏற்றப் பலகையின் ஒரு முனையில் குழந்தை உட்கார்ந்ததும் மறு முனை எழுவதைப் போல முன்சக்கரங்களின் மேல் உள்ள பாரம் குறைந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் சிமெண்ட் மூட்டைகளை இப்படி அடுக்கிக்கொண்டு ஏற்காடு ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் என் கையில் காகிதம் போல லேசானது. நான் திருப்பியும் வண்டி ஒரு கணம் நேராகவே போனது. எதிரே பேருந்து வராததால் இன்று இதை எழுதுகிறேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் இறங்கப் போவதோ பாரத்துடன். மூட்டைகளைக் கேபினை ஒட்டி முன்னால் அடுக்குங்கள். இடம் போதவில்லை என்றால் அடுத்த நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அறுவடைப் பாரத்துக்குப் பொருந்துவது வேறு வகை. மகிந்திரா பொலிரோ கேம்பரில் ஐந்து பேர் உட்காரலாம். ஏறக்குறைய ஒரு டன் ஏற்றலாம். நான்கு சக்கர இயக்கத்துடனும் கிடைக்கிறது. டாடா யோதாவின் க்ரூ கேபினும் அதே இனம்; யோதா வரிசையில் 2022-இல் வந்த 2.0 வகை 2 டன் வரை ஏற்றுவது. இவற்றில் சொகுசு குறைவு, எஞ்சின் இரைச்சல் அதிகம், நெடுஞ்சாலையில் வேகம் எடுக்காது. ஆனால் கேம்பரின் நீளம் 4.9 மீட்டருக்குள் அடங்குகிறது. ஹைலக்ஸ் 5.325 மீட்டர், வி-கிராஸ் 5.295 மீட்டர். அந்த அரை மீட்டர் வித்தியாசம் தோட்டத்துப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் தெரியும். விலையிலும் நான்கு சக்கர இயக்கமுள்ள வி-கிராஸ், கேம்பரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஹைலக்ஸ் அதையும் தாண்டியது.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: அறுவடைக் காலத்தில் மொத்தம் எத்தனை நடை? எட்டோ பத்தோ என்றால், அந்த நாட்களுக்கு ஊரில் உள்ள ஒரு பிக்கப்பை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, மீதி முந்நூற்று ஐம்பது நாட்களுக்கு ஏற்ற வண்டியை வாங்குவதே கணக்குக்கு ஒத்துவரும். அப்போது வி-கிராஸ் நல்ல தேர்வு. அதன் 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தருகிறது. மலைப்பாதைக்கு அது தாராளம். ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் 204 குதிரைத்திறன் தருகிறது. ஆட்டோமேட்டிக் வகையில் இழுவிசை 500 நியூட்டன் மீட்டர். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான பின் டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதியும் அதில் உண்டு. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது மற்றதற்கும் சக்தியைக் கொண்டுசேர்ப்பது அதுதான். உங்கள் ஓடையில் பெரிய உருளைக்கற்கள் இருந்து, சக்கரம் தூக்கிக்கொள்ளும் இடம் அடிக்கடி வருமானால் மட்டும் அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுங்கள்.

ஓடையைக் கடப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை நீரில் இறங்கலாம் என்று அதன் நிறுவனம் சொல்கிறது. அது தேங்கிய நீருக்கான அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து செம்மண் நிறத்தில் ஓடிவரும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால், எந்த வண்டியானாலும் கரையிலேயே காத்திருங்கள். காற்று உள்ளே போகும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆழமான நீரைக் கடந்த நாட்களில் டிஃபரென்ஷியலின் மூடியைச் சற்றுத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே மாற்றிவிட வேண்டும்.

சோலார் பம்பு செட் அமைக்கும் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மணல், கருவேலங்காடு, மழை பெய்தால் கரிசல் சேறு. நான்கு சக்கர இயக்கம், அதாவது ஃபோர் பை ஃபோர் கட்டாயமா? எப்போதும் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் பிடிமானம் கூடும்தானே?
- சோலார் பம்பு ஒப்பந்ததாரர், பரமக்குடி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அப்படி ஓட்டித்தான் பலர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இங்கே விற்கப்படும் பிக்கப்களில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் இணைத்துக்கொள்ளும் நான்கு சக்கர இயக்கம். அதை இணைத்தவுடன் முன் அச்சுக்குப் போகும் தண்டும் பின் அச்சுக்குப் போகும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. வண்டி வளைவில் திரும்பும்போதோ முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. ஆகவே முன்சக்கரங்கள் அதிகத் தூரம் உருண்டாக வேண்டும். மணலிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது. அந்த இறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களில் ஏறி முறுக்கிக்கொள்ளும். வெட்டவெளித் தார்த்தளத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால், யாரோ பிரேக்கைப் பிடித்திருப்பது போல வண்டி திணறித் திணறி நகர்வதை உணர்வீர்கள். அந்தத் திணறலைப் பொருட்படுத்தாமல் தினமும் ஓட்டினால் டயர் தேயும், சக்தியை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் செலவு வைக்கும். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் போடுங்கள். தார் மீண்டும் வந்தவுடன் எடுத்துவிடுங்கள்.

இனி முதல் கேள்வி. கரிசல் மண் நனைந்துவிட்டால் அது டயரின் வரிகளை நிரப்பி, டயரை உருண்டையான களிமண் சக்கரமாக்கிவிடும். அங்கே நான்கு சக்கர இயக்கமே தடுமாறும். இரண்டு சக்கர இயக்கத்தை நம்பிப் போகவே கூடாது. மழை நாளிலும் வேலை நடந்தாக வேண்டும் என்றால் ஃபோர் பை ஃபோர் வாங்குங்கள். மணலுக்கு மட்டும் என்றால் கட்டாயமில்லை. டயரின் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20 வரை இறக்கினால், டயர் அகன்று நீண்டு மணலின் மேல் படுத்துப் போகும். இரண்டு சக்கர இயக்கமுள்ள வண்டியே பல இடங்களில் ஏறிவிடும். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ள ஒரு சிறிய காற்றடிக்கும் கருவி வண்டியிலேயே இருக்கட்டும். ஆனால் உங்கள் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு: காற்றைக் குறைத்த டயரின் பக்கவாட்டுச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், அதில்தான் சீமைக் கருவேல முள் ஏறும். தரைப்பகுதியில் ஏறிய முள்ளுக்குப் பஞ்சர் ஒட்டலாம். பக்கச் சுவரில் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டும். ஆகவே கடினமான பக்கச் சுவர் கொண்ட ஆல் டெரெய்ன் வகை டயர்களைப் போடுங்கள். முட்கள் வெட்டிப் போட்டிருக்கும் இடத்தில் காற்றைக் குறைக்காதீர்கள்.

வெற்று வண்டிதான் அதிகம் சிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிக்கப்பின் பின்பக்கம் பாரம் இல்லாதபோது மிக லேசானது. பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் போதாது. பேனல்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கேபினை ஒட்டி இரண்டு மூன்று மணல் மூட்டைகளைப் போட்டு நன்றாகக் கட்டிக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

உங்கள் தொழிலைப் பார்க்கும்போது டபுள் கேபின் வேண்டாம் என்பதே என் கருத்து. இன்றைய பெரிய சோலார் பேனல்கள் 2 மீட்டருக்கும் மேல் நீளம், ஒரு மீட்டருக்கும் மேல் அகலம். 5 அடிப் பாடியில் அவற்றைப் படுக்க வைக்க முடியாது. நிறுத்தி வைத்துக் கட்டினால் காற்றிலும் குலுங்கலிலும் கண்ணாடி விரிசல் விடும். சிங்கிள் கேபினில் நீளமான, பக்கங்கள் திறக்கும் பாடியுள்ள வண்டியே உங்களுக்கு லாபம். வண்டி உண்மையில் சரக்கு வண்டியாகவே பதிவாகும்போது, அதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

கடைக்குப் பிக்கப் வாங்கப் போகிறேன். வணிக வண்டிக்கான மஞ்சள் போர்டு என்றால் பெர்மிட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, தனி லைசென்ஸ் என்று அலைய வேண்டுமே என்று தயங்குகிறேன்.
- கட்டடப் பொருள் விற்பனையாளர், தென்காசி

மொத்த எடை 3000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. கடைக்குச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் போர்டே நேர்மையான வழி.

எங்கள் எஸ்டேட்டில் காலையில் தேயிலை பறிக்கும் பெண்களைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றித்தான் கொண்டுபோய் விடுகிறோம். புதிய வண்டி வாங்கும்போது பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துக்கொடுக்கச் சொல்லலாமா?
- தோட்ட மேற்பார்வையாளர், கூடலூர்

வேண்டாம். கம்பி வைப்பதால் அந்தப் பெண்கள் பாதுகாப்பாகிவிடமாட்டார்கள். நமக்குத்தான் மனம் சமாதானமாகும். பின்பாடியில் இருக்கை இல்லை, பெல்ட் இல்லை, கவிழ்ந்தால் தலைக்கு மேல் கூரை இல்லை. நின்றுகொண்டிருக்கும் பத்துப் பேரின் எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்திவிடும். சரிவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே வண்டி சாயும். சாயும்போது எல்லோரும் ஒரே பக்கம் சரிவார்கள், அது வண்டியை முழுவதுமாகக் கவிழ்த்துவிடும். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே கூறியிருக்கிறது. விடியலில் உங்களை நம்பி வண்டி ஏறும் அந்தக் குடும்பங்களுக்கு நேரக்கூடிய இழப்பை எந்த எஸ்டேட்டாலும் ஈடுகட்ட முடியாது. பிக்கப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஆட்களை ஏற்றுவதற்கென்றே பதிவு செய்த ஒரு பழைய வேனை வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் பேசுங்கள். நீங்கள் இதைக் கேட்டு எழுதியதே பெரிய விஷயம்.

பி.எஸ்.6 டீசல் பிக்கப் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்குமாக நாளொன்றுக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான் ஓடுகிறது. டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. வண்டியில் குறையா?
- தேயிலைத் தோட்ட உரிமையாளர், கோத்தகிரி

வண்டியில் குறை இல்லை. வண்டிக்கும் அதன் வேலைக்கும் பொருத்தம் இல்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை மாசு விதிகளுக்காக, புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் சேர்க்கப்பட்டது. அதுதான் டி.பி.எஃப். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். நான்கு கிலோமீட்டர் ஓடி அணைக்கப்படும் எஞ்சினில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. எரிக்கத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள்.

இதில் கவனிக்கப்படாத ஒரு கேடு உண்டு. கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். பாதியில் அணைத்தால் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். நாளை காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று, முகர்ந்தால் டீசல் வாசனை அடித்தால், ஆயில் நீர்த்துவிட்டது. ஆயில் குறைந்தால் பதறுகிறோம்; கூடினால் நல்லதென்று விட்டுவிடுகிறோம். இரண்டும் பேரிங்கைத் தின்னும்.

வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை சாலையில் சீரான வேகத்தில் இருபது இருபத்தைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். இறக்கத்தில் எஞ்சின் சூடாகாது, சமவெளிதான் வேண்டும். விளக்கு எரியும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். சில வண்டிகளில் நிறுத்திய நிலையிலேயே எரிக்கும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தும்போது காய்ந்த புல், சருகு மேல் வண்டி நிற்கக் கூடாது. இனி வாங்கப் போகிறவர்கள், தினசரி ஓட்டம் பத்துக் கிலோமீட்டருக்குள் என்றால் புதிய டீசல் வண்டிக்குப் பணம் கட்டும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

பி.எஸ்.4 காலத்து 2018 வி-கிராஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? முன்னால் பெரிய இரும்புக் கம்பித் தடுப்பும் பெரிய டயரும் போட்டு மிடுக்காக இருக்கிறது.
- ரிசார்ட் நடத்துபவர், ஏற்காடு

அந்தக் கம்பித் தடுப்பை முதலில் கழற்றச் சொல்லுங்கள். அது முன்பக்கச் சட்டகம் மடங்கி மோதலை வாங்கிக்கொள்வதைத் தடுக்கும், ஏர்பேக் விரிவதையும் பாதிக்கும், நடந்து போகிறவரைக் கொல்லும். இவற்றைப் பொருத்துவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. பெரிய டயர் போட்ட வண்டி என்றால் வேகமானியும் பிரேக்கும் பழைய கணக்கில் இருக்காது. நிறுவனம் கொடுத்த அளவுக்கே திரும்புவது நல்லது.

பிறகு வண்டிக்குக் கீழே ஒரு தார்ப்பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். பெயின்டைப் பார்க்கச் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். பின் பட்டைகளில் விரிசல் உண்டா, பட்டைகள் சட்டகத்தில் தொங்கும் இடத்தில் வெல்டிங் வைத்த அடையாளம் உண்டா, சட்டகத்தின் அடிப்பகுதியில் கல் மோதி நசுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்த இடம் இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பாருங்கள். பாடித் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் தூக்கச் சொல்லுங்கள். நீர் தேங்கித் துரு பிடிப்பது அதன் அடியில்தான்.

அடுத்து வண்டியைச் சரளை மண்ணுக்குக் கொண்டுபோங்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சுக்கு மாற்றி, முதல் கியரில் ஒரு மேடு ஏறி, அதே மேட்டில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சின் பிடியிலேயே இறங்குங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. முன்சக்கரங்கள் உண்மையாகவே இழுக்கின்றனவா என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஊர் ஓட்டத்திலேயே இருந்த வண்டிகளில் இந்த அமைப்பைப் பல ஆண்டுகள் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்; முன்சக்கரங்களை இணைக்கும் கருவி இறுகிப் போயிருக்கும்.

பி.எஸ்.4 வண்டிகளில் பொதுவாக டி.பி.எஃப். இல்லாததால், கோத்தகிரி வாசகரின் தொல்லை உங்களுக்கு வராது. பழைய வண்டியின் உண்மையான அனுகூலம் அது. ஏற்காட்டில் இதைப் பழுது பார்க்க ஆள் உண்டா, சேலத்தில் உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று விலை பேசுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். முன் வீல் பேரிங், கிளட்ச் பிளேட், பின் பட்டை ஆகிய மூன்றுக்கும் விலையும் கிடைக்கும் நாளும் எழுதி வாங்குங்கள். விற்பவரிடம் பேரம் பேச உட்காரும்போது அந்தத் தாள் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.